நோட்டுப் பெட்டிக்கு எத்தனை பங்கு? செங்கோட்டை மெல்லிசைக் குழு ஒன்றின் நாற்பது ஆண்டுகள்: நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

செங்கோட்டையில் 1983இல் தொடங்கி, பெயரும் ஆட்களும் மாறி இன்றும் நடந்துகொண்டிருக்கும் ஒரு மெல்லிசைக் குழுவின் கதை இது. 1991 முதல் 2020 வரை அந்தக் குழுவுக்குக் கணக்கு எழுதியவன் நான். மேடை ஏறியது ஒரே ஒரு தடவை. ஜால்ரா தட்டுகிறவர் காய்ச்சலில் படுத்த இரவு அது. அதையும் ஒழுங்காகத் தட்டவில்லை.

யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. குழுவைத் தொடங்கியவரை எல்லாரும் அண்ணாச்சி என்றோம். வயலின் வாசித்தவர் மாஸ்டர். புனலூரிலிருந்து வந்து மலையாளப் பாட்டுப் பாடியவர் சேச்சி. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கோயில் கமிட்டிகளின் பெயரும் வேண்டாம்.

தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் புதிதாகக் குழு தொடங்கும் பையன்கள் என்னிடம் வந்து எந்த சவுண்டு மிக்சர் நல்லது, எந்த கீபோர்டு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். பங்கு பிரிப்பது பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் குழு சறுக்கிய இடம் அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

பின்னணி

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு, அப்புறம் திருக்கொச்சியோடு இருந்த ஊர். மாநில எல்லை மாறிய பிறகும் கொடுக்கல் வாங்கல் மலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தது. அண்ணாச்சியின் அப்பா திருவிதாங்கூர் காலத்தில் ரெவின்யூ ஆபீசில் வேலை பார்த்தவர். அதனால் வீட்டில் எல்லாருக்கும் மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போனால் கோயிலுக்குக் கோயில் உற்சவம், உற்சவத்துக்கு உற்சவம் ஒரு கானமேளா, அதாவது மெல்லிசைக் கச்சேரி. தமிழ்ப் பக்கம் பங்குனி உத்திரம், சித்திரை வைகாசியிலும் ஆடியிலும் கொடைகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள். கொடையில் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் முடிந்த பிறகுதான் எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

கேரளத்தில் கார்த்திகை மண்டலக் காலத்தில் சூடு பிடித்து மேடம் வரை, அதாவது நம் சித்திரை வரை, ஓடும். பிறகு மழை. ஆனி ஆடியில் குற்றாலச் சாரல் விழாவில் ஒரு மாலை கிடைத்தால் உண்டு. ஆவணியில் ஓணம். மற்ற நாளெல்லாம் கருவிகளுக்குத் துணி போர்த்தி வைப்போம். ஒரே குழு இரண்டு மாநிலத்துக் காலண்டரையும் வைத்துக்கொண்டு பிழைக்கலாம் என்பதுதான் அண்ணாச்சியின் கணக்கு. அந்தக் கணக்கு சரிதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் அது எங்களுக்குச் சோறு போட்டது.

இன்னொன்று ரயில். கொல்லம் செங்கோட்டைப் பாதை 1904இல் வந்தது. மீட்டர் கேஜ் வண்டி, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், குகைகள், அப்புறம் செங்கோட்டை. புதன்கிழமைதோறும் சேச்சி அந்த வண்டியில்தான் ரிகர்சலுக்கு வருவார். கையில் எப்போதும் ஒரு பொதி வறுத்த காய் இருக்கும். இந்த ரயிலை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

குழு அமைந்த விதம்

அண்ணாச்சி மைக் செட் கடைக்காரர். அஹூஜா ஆம்ப்ளிஃபையர், குழல் ஸ்பீக்கர், கல்யாண வீட்டு இசைத்தட்டு என்று தொடங்கியவர். மைக் செட் வாடகைக்குப் போகிற இடத்துக்குப் பாட்டுக்காரரையும் கூட்டிப் போனால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மாஸ்டர் பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவர். அங்கே இசையை மேல்நாட்டு முறையில் ஐந்து கோட்டில் எழுதவும் படிக்கவும் கற்றிருந்தார். தென்காசிக்குப் பெண் எடுத்து வந்தவரை அண்ணாச்சி விடவில்லை.

நான் சேர்ந்தபோது குழுவில் பதினெட்டுப் பேர். மாஸ்டரோடு இன்னும் இரண்டு வயலின், புல்லாங்குழல், ஆர்கன், லீட் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், தபேலா, டோலக், டிரிபிள் காங்கோ. பாடகர்கள் நான்கு பேர். லோட் ஏற்றி இறக்க இரண்டு பையன்கள். அறிவிப்பாளர் அண்ணாச்சியே. அவருடைய மலையாள அறிவிப்பைக் கேட்டுக் கொல்லத்துக்காரர் என்று நினைத்தவர்கள் உண்டு.

வேன், சாப்பாடு, மைக் செட் வாடகை போக மிச்சத்தை 22 பங்காகப் பிரிப்போம். அண்ணாச்சிக்கு 3, மாஸ்டருக்கு 2, பாடகர்களுக்கு ஆளுக்கு ஒன்றரை, வாத்தியக்காரர் பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒன்று, பையன்களுக்கு ஆளுக்கு அரை. இது எங்குமே எழுதி வைக்கப்படவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

கவனித்தவை

இந்தக் குழுவை ஓட்டியது இரண்டு வகை நோட்டுகள்.

ஒன்று மாஸ்டருடையது. லெட்ஜர் அளவு நீள நோட்டு, மொத்தம் 41. ஐந்து கோட்டுத் தாள் கடையில் கிடைக்காது. ஐந்து பால்பாயின்ட் ரீஃபில்களை ஒரு மரச் சட்டத்தில் வரிசையாகக் கட்டி வைத்திருந்தார். ஸ்கேல் ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பில் இழுத்தால் ஐந்து கோடும் விழும். ஒரு ரீஃபில் தீர்ந்துபோனால் அந்தப் பக்கம் முழுக்க நான்கு கோடுதான் இருக்கும். அதற்கு மேல் பென்சிலால் ஒரு கோடு. கேசட்டைப் போட்டு நாலு செகண்ட் கேட்பார், ரீவைண்ட் செய்வார், எழுதுவார். பாட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடும், சுருதியும் இறங்கிவிடும். அதனால் பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துச் சரிபார்ப்பார். ஒரு பாட்டின் பிஜிஎம், அதாவது நடுவே வரும் வாத்திய இசை, அதை மட்டும் எழுதி முடிக்க இரண்டு ராத்திரி ஆகும். வலது மூலையில் யார் பாடுவது, எத்தனை கட்டை சுருதி என்ற குறிப்பு. ஒரே பாட்டை வேறு பாடகர் பாடினால் சுருதி மாறும், அத்தனை வரியும் மறுபடி எழுத வேண்டும். அப்படி இரண்டு முறை, மூன்று முறை எழுதிய பாட்டுகள் உண்டு.

இன்னொன்று சேச்சி சொல்லச் சொல்லப் பாடகர்கள் எழுதியது. மலையாளப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடுகிறவர்களுக்கு எங்கே இடறும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கீர்த்தனைப் புத்தகத்தில் போடுவதுபோல க, ச, ட, த, ப எழுத்துகளுக்குக் கீழே 2, 3, 4 என்று எண் போடச் சொல்வார். 'பாவம்' என்று எழுதியிருந்தால் அது இரக்கப்பட வேண்டிய ஆளா, முகத்தில் காட்டும் உணர்ச்சியா என்பதை அந்த எண்தான் சொல்லும். எங்கள் பாடகர் ஒருவர் நாலை மறந்து பாடிய அன்று முன்வரிசையில் இருந்த கிழவர்கள் சிரித்ததை நான் மிக்சர் பக்கத்திலிருந்து பார்த்தேன். கேரளத்துக் கூட்டம் கோயில் மைதானத்து மணலில் உட்கார்ந்து பாட்டை வரி வரியாகக் கேட்கிற கூட்டம். பிஜிஎம்மில் ஒரு புல்லாங்குழல் துண்டு விட்டுப்போனாலும் மறுநாள் கமிட்டி போன் செய்யும். தமிழ்ப் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. கடைசியில் நாலு குத்துப்பாட்டு இருந்தால் சரி.

இந்த நோட்டுகளை எழுதும் நேரத்துக்கு என் கணக்கில் ஒரு வரி கிடையாது. ரிகர்சலுக்கும் கிடையாது. சேச்சிக்கு ரயில் டிக்கெட்டும் மத்தியானச் சாப்பாடும் எழுதியிருக்கிறேன், அவ்வளவே.

முதல் முடிவு: கீபோர்டு

1994இல் அண்ணாச்சியின் மைத்துனர் துபாயிலிருந்து ஒரு யமஹா கீபோர்டு கொண்டுவந்தார். அதே வருஷம் சென்னையிலிருந்து ரோலண்ட் ஆக்டோபேடு வந்தது, தட்டினால் தாள வாத்தியங்களின் ஒலி தரும் மின்கருவி. கீபோர்டில் வயலின் கூட்டம் ஒரு பட்டனில் இருந்தது. டோலக்கும் காங்கோவும் பேடில் இருந்தன. டிரம்ஸ் வாசித்தவரே பேடையும் தட்டக் கற்றுக்கொண்டார்.

ஆளைக் குறைப்பது என்று அண்ணாச்சி முடிவெடுத்ததற்குப் பலரும் சொல்லும் காரணம் பேராசை. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பதினெட்டுப் பேரும் கருவிகளும் ஒரே வேனில் ஏறாது. இரண்டு வண்டி வேண்டும். மலைப்பாதையில் ராத்திரி இரண்டு வண்டி ஓடும் செலவை நான்தான் எழுதிக் காட்டினேன். பதினான்கு பேர் என்றால் ஒரு வண்டி போதும். இரண்டு வயலின், டோலக், காங்கோ நிறுத்தப்பட்டன. நான்கு பேருக்கும் அண்ணாச்சி வேட்டி துண்டு வைத்து ஆளுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பினார். டோலக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு வேட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

பங்கும் மாறியது. நான்கு பேர் போனதால் 22 பங்கு 18 ஆக வேண்டும். ஆனால் கீபோர்டும் பேடும் தன் காசு என்பதால் அண்ணாச்சி கருவிப் பங்கு என்று இரண்டு சேர்த்துக்கொண்டார். ஆக 20. மிச்சத் தொகையில் நூறு ரூபாய்க்கு அண்ணாச்சிக்கு முன்பு கிடைத்தது 13 ரூபாய் 60 காசு. இப்போது 25 ரூபாய். வாத்தியக்காரருக்கு முன்பு நாலரை ரூபாய், இப்போது ஐந்து. நான்கு பேரை அனுப்பியதில் மிச்சப்பட்டது பெரும்பாலும் எங்கே போனது என்பதை மாஸ்டர் மனக்கணக்கிலேயே போட்டுவிட்டார்.

1995 சித்திரையில், சீசன் முடிந்து கணக்கு முடித்த அன்று, கடையில் அண்ணாச்சி, மாஸ்டர், நான் மூன்று பேர் இருந்தோம்.

"கீபோர்டுப் பெட்டிக்கு ரெண்டு பங்குன்னா நோட்டுக்கு ஒரு பங்கு வேணும் அண்ணாச்சி" என்றார் மாஸ்டர்.

"நோட்டு பேப்பர்தானே மாஸ்டர்? கீபோர்டு காசு போட்டு வாங்குனது."

"பேப்பர்தான். அப்ப நான் எடுத்துக்கிடுதேன்."

மாஸ்டர் சத்தம் போடவில்லை. மறுநாள் ஒரு சைக்கிள் ரிக்ஷாவில் நோட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டி தென்காசி பஸ்ஸுக்குப் போனது.

இங்கே என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் புத்தகப்படி, கருவிக்குப் போட்ட பணம் இரண்டு சீசனில் திரும்பிவிடும். அதற்குப் பிறகும் கருவிப் பங்கை எடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு, "ரெண்டு வருஷத்துக்கு மட்டும் கருவிப் பங்கு, அப்புறம் அதில் ஒன்று நோட்டுக்கு" என்று நான் சொல்லியிருந்தால் இரண்டு பேருமே கேட்டிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். சொல்லவில்லை. கணக்குப்பிள்ளைக்கு எதற்கு வம்பு என்று பேனாவை மூடிவிட்டேன்.

அதன் விளைவுகள்

அடுத்த சீசனின் மூன்றாவது பரிபாடி (நிகழ்ச்சி), புனலூருக்குப் பக்கத்தில் ஒரு கோயில். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதே கட்டைகளை வாசித்தாலும் சுருதியை அரை அரை ஸ்வரமாக ஏற்றி இறக்கும். மாஸ்டர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றி எழுதியதை அது ஒரு நொடியில் செய்துவிடும். அன்று சேச்சியின் பாட்டுக்காக இரண்டு படி ஏற்றி வைத்த கீபோர்டுக்காரர் அதை இறக்க மறந்துவிட்டார். அடுத்தது ஒரு டூயட். புல்லாங்குழல் தனியாகத் தொடங்கும். தொடங்கியது. நாலாவது தாளக்கட்டில் கீபோர்டு உள்ளே வந்தது, ஒரு முழு ஸ்வரம் மேலே. பாடகர் இரண்டுக்கும் நடுவில் ஒரு சுருதியைப் பிடித்துப் பாடினார். கூட்டம் கூவியது. மாஸ்டர் இருந்தால் பாட்டு தொடங்கும் முன் வில்லால் கீபோர்டு ஸ்டாண்டை ஒரு தட்டு தட்டுவார். அது 'பார்த்துக்கோ' என்று அர்த்தம். அந்தத் தட்டு எவ்வளவு பெரிய வேலை செய்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதுப் பாட்டுகளைக் காதால் கேட்டு வாசித்தார்கள். அது பெரிய குறையில்லை. பழைய பாட்டுகள்தான் கையை விட்டுப் போயின. நூறு பாட்டுக்கு மேல் இருந்த பட்டியல் இரண்டு வருஷத்தில் நாற்பது பாட்டாகச் சுருங்கியது. எந்தக் கோயிலுக்குப் போனாலும் அதே நாற்பது. கமிட்டிகள் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் கூப்பிட ஆரம்பித்தன. இரண்டு தடவை தென்காசிக்குப் போய் மாஸ்டரிடம் பேசினோம். காபி கொடுத்தார், உடம்பைப் பற்றி விசாரித்தார். பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் மழையைப் பற்றிப் பேசினார்.

பிறகு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்ன பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி என்றால் போலீஸ் வந்து மிக்சர் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தது. வருஷத்தில் அதிகபட்சம் பதினைந்து நாள் மாநில அரசு பன்னிரண்டு மணிவரை அனுமதிக்கலாம் என்ற சலுகை எங்களைப் போன்றவர்களின் பரிபாடிக்கு எட்டவில்லை. அதுவரை சீசனில் ஏழெட்டு இரவு இரட்டைப் பரிபாடி இருக்கும். ஏழு முதல் பத்து வரை ஒரு கோயில், லோட் இறக்கி ஏற்றி, பதினொன்றரைக்கு இன்னொரு கோயில். லாபம் என்று கையில் நின்றது அந்த இரவுகளில்தான். இரண்டே சீசனில் அது இல்லாமல் போனது. ஒரு நிகழ்ச்சிக்கு இருபத்தைந்து பாட்டு என்பது பதினாறாகக் குறைந்தது.

இரண்டாம் முடிவு: ட்ராக்

2010இல் அகலப் பாதைக்காகப் புனலூர் செங்கோட்டை ரயிலை நிறுத்தினார்கள். பஸ் இருந்தது. ஆனால் சேச்சிக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது, ஆரியங்காவு வளைவுகளில் தலை சுற்றும். வாராவாரம் நடந்த ரிகர்சல் மாதம் ஒரு தடவை ஆனது, பிறகு சீசனுக்கு முன்னால் இரண்டு நாள் மட்டும் என்றானது. ரிகர்சல் இல்லாமல் புதுப் பாட்டு சேர்க்க ஒரே வழி ட்ராக். கீபோர்டுக்காரர் வீட்டில் கம்ப்யூட்டரில் பிஜிஎம் முழுவதையும் செய்து லேப்டாப்பில் கொண்டுவருவார். முதலில் நாலு பாட்டு, அடுத்த வருஷம் பத்து.

நான் இதை எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. ஒன்று மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ட்ராக் ஓடும்போது தபேலாக்காரர் சும்மா உட்கார முடியாதே, வாசிப்பார். மிக்சரில் அவருடைய ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் அடிமட்டத்தில் கிடக்கும். மேடைக்கு முன்னால் நின்ற ஒரு சிறுவன் ஒரு நாள், "அங்கிளோட தபேலா கேக்குந்நில்லல்லோ" என்று கேட்டுவிட்டான். அவர் பதில் சொல்லாமல் சுத்தியலை எடுத்து வலந்தலையைச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார்.

2014 மாசியில் பாட்டின் நடுவே லேப்டாப் நின்றுபோனது. பாடகர் நிறுத்தவில்லை. இரண்டு வரி வெறும் குரல். நான் ஓடிப்போய் ஃபேடரை ஏற்றினேன். தபேலா உள்ளே வந்தது. பேஸ் கிட்டார் சேர்ந்தது. அந்தச் சீசனிலேயே அதிகக் கைதட்டு வாங்கிய பாட்டு அதுதான். வேனில் திரும்பி வரும்போது அதைப் பற்றி எல்லாரும் பேசினோம். அடுத்த பரிபாடிக்கு கீபோர்டுக்காரர் இரண்டாவது லேப்டாப் ஒன்று கொண்டுவந்தார்.

2017இல் இளையராஜா தன் பாட்டுகளை மேடையில் பாடுவது பற்றி எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய செய்தி வந்தது. கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அண்ணாச்சி நீண்ட நேரம் பேசவில்லை. "மாஸ்டர் ஒரு பங்குதான் கேட்டாரு" என்றார் கடைசியில். இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தப் பேச்சை அவராக எடுத்தது அதுவே முதல் தடவை.

நின்றுபோன விதம்

2018 ஆவணியில் கேரளத்தில் பெருவெள்ளம். அரசு ஓணக் கொண்டாட்டத்தைக் கைவிட்டது, எங்கள் ஓணத் தேதிகளும் போயின. அதே வருஷம்தான் அகலப் பாதையில் ரயில் திரும்ப ஓட ஆரம்பித்தது. சேச்சி அதற்குள் பாடுவதை விட்டுவிட்டார்.

2020 மார்ச் கடைசி வாரத்தில் ஊரடங்கு. மீனம் மேடம் இரண்டு மாதமும் முழுக்க புக்கிங் இருந்த நேரம். பதினொரு கமிட்டியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். ஒப்பந்தச் சீட்டில் நிகழ்ச்சி நடக்காமல் போனால் என்ன என்பதற்கு ஒரு வரி கிடையாது. திருப்பித் தர வேண்டியதில்லை, அடுத்த வருஷம் வந்து பாடுகிறோம் என்று சொல்லலாம் என்றேன் நான். அண்ணாச்சி கேட்கவில்லை. கீபோர்டு இரண்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ் செட் எல்லாவற்றையும் விற்று, புளியரையில் ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் பதினொரு கமிட்டிக்கும் வங்கி மூலம் பணத்தைத் திருப்பினார். வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, அவர்களுக்குக் கோபமே உண்டு. தபேலாக்காரர் பிரானூர் பார்டரில் ஒரு பரோட்டாக் கடையில் மாவு தட்டப் போனார். "நாலு தட்டு, ஒரு வீச்சு. ஆதி தாளம்தாம்வே" என்பார். டிரம்ஸ்காரர் ஆட்டோ ஓட்டினார்.

அட்வான்ஸ் விஷயத்தில் நான்தான் தவறு. 2022இல் உற்சவங்கள் திரும்ப நடந்தபோது அந்தப் பதினொன்றில் ஏழு கமிட்டி முதல் போனை அண்ணாச்சிக்குத்தான் போட்டது.

மூன்றாம் முடிவும் இன்றைய நிலையும்

அண்ணாச்சிக்கு அப்போது முடியாமல் போய்விட்டது. மகன் சவுண்டு, லைட் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு கமிட்டிக்கும் முடியாது என்று சொல்ல மனமில்லாமல், பழைய கீபோர்டுக்காரரையும் பரோட்டாக் கடையிலிருந்து தபேலாக்காரரையும் கூப்பிட்டான். இப்போது எல்லா ஊரிலும் ட்ராக் குழு இருக்கிறது, நம்மை ஏன் கூப்பிட வேண்டும் என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. பழைய பாட்டை ஆள் வைத்து வாசித்தால் கூப்பிடுவார்கள் என்றார் கீபோர்டுக்காரர். அதற்கு நோட்டு வேண்டும்.

மாஸ்டர் 2019இல் காலமாகிவிட்டார். மகள் பள்ளி ஆசிரியை. நானும் கீபோர்டுக்காரரும் தென்காசிக்குப் போனோம். டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. 41இல் ஆறு நோட்டைக் கரையான் தின்றிருந்தது. மற்றவை நன்றாக இருந்தன. ஐந்து ரீஃபில் கட்டிய மரச் சட்டமும் உள்ளேயே கிடந்தது. அந்த அம்மா அதிகம் பேசவில்லை. "அப்பா என்ன கேட்டாங்களோ அதைக் கொடுங்க" என்றார்.

20 ரூபாய் பத்திரத்தில் நான் எழுதினேன். நோட்டுகள் அவருடையவை, வீட்டை விட்டு வெளியே போகாது. குழு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த நோட்டிலிருந்து ஒரு பாட்டாவது வாசிக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவருக்கு ஒரு பங்கு. மாஸ்டர் கேட்டதும் அதேதான். கிடைக்க 27 வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது குழுவில் ஒன்பது பேர். பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவில் கற்ற இரண்டு பிள்ளைகள் வயலின் வாசிக்கிறார்கள். மாஸ்டரின் கையெழுத்தை டேப்லெட்டில் பார்த்துத் தடங்கலில்லாமல் வாசிப்பதை முதல் ரிகர்சலில் கேட்டபோது தபேலாக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். சீசனில் பதினைந்து, இருபது நிகழ்ச்சி. பழைய நாளைப்போல அறுபதெல்லாம் இல்லை. ஒருவரும் இதை மட்டும் நம்பி வாழவில்லை.

மறுபடி செய்வதானால்

கீபோர்டு வாங்கியதை மாற்ற மாட்டேன். அதை வாங்காத குழுக்கள் எங்களுக்கு முன்பே காணாமல் போயின. கருவிப் பங்குக்கு ஒரு முடிவுத் தேதி வைத்திருப்பேன். போட்ட காசு திரும்பியதும் அது நிற்க வேண்டும். புதிய குழுவில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். மிக்சருக்கு மகன் எடுக்கும் பங்கு அடுத்த பங்குனியோடு முடிகிறது.

ரிகர்சலுக்குப் படி கொடுத்திருப்பேன். ரயில் நின்றபோது சேச்சிக்கு ஒரு கார் வைத்துக் கூட்டி வந்திருந்தால் ஆகியிருக்கும் செலவை இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது லேப்டாப்பின் விலையைவிடக் குறைவு. அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஒப்பந்தச் சீட்டில் இப்போது நிகழ்ச்சி ரத்தானால் அட்வான்ஸில் பாதி வாத்தியக்காரர்களுக்கு என்று ஒரு வரி இருக்கிறது. கமிட்டிகள் முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகின்றன.

ட்ராக் பற்றி இன்னும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. இப்போதும் மூன்று பாட்டு ட்ராக்கில்தான் போகிறது. ஆனால் அந்த மூன்றிலும் தபேலா கிடையாது. தபேலாக்காரர் கீழே இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார்.

போன மாதம் பதினேழாவது நோட்டைத் திறந்து ஒரு பழைய டூயட்டை எடுத்தார்கள். இரண்டாவது பிஜிஎம்மின் நடுவில் எட்டு மாத்திரைக்கு எல்லா வரியும் காலி. ஓரத்தில் மாஸ்டர் பச்சை மையில் எழுதியிருந்தார்: "இங்கே டோலக் மட்டும். மற்ற எல்லாரும் சும்மா இருக்கவும்." பேடு வாசிக்கும் பையன் என்ன செய்வது என்று கேட்டான். வேட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போன டோலக்காரர் பாவூர்சத்திரத்தில் இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல், நையாண்டி மேளத்தோடு இன்னும் போய் வருகிறார் என்று தபேலாக்காரர் சொன்னார். இப்போதைக்கு அந்த எட்டு மாத்திரை பேடில் போகிறது. அவர் வர ஒப்புக்கொண்டால் ஒரு பங்கா, ஒன்றரையா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும்.